அத்தியாயம் 6: போர் மோட்டாருக்கு பிரஷர் சுவிட்ச் வாங்கப் போகுமுன்

"அண்ணாச்சி, அஞ்சு ஹெச்பி சப்மெர்சிபிளுக்கு ஒரு பிரஷர் சுவிட்ச் குடுங்க."

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மோட்டார் கடையில் கால் மணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். பாதிக் கடைக்காரர்கள் பெட்டியை எடுத்து நீட்டிவிடுவார்கள். நல்ல கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "தண்ணி எத்தனை அடியில நிக்குது? கோடையில எங்க போவும்?" அப்படிக் கேட்கிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து அழுத்தக் கருவி தேர்ந்தெடுக்க முடியாது. மழைக்காலத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, கோடையில் எந்த மட்டத்துக்கு இறங்குகிறது என்ற இரண்டு எண்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. இந்த அத்தியாயம் முழுக்க அந்த இரண்டு எண்களைப் பற்றியதுதான்.

நான் மனதில் வைத்து எழுதுவது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைப் பக்கத்துத் தோப்புகளை. கிரிவலம் போகிற திருவண்ணாமலை வேறு. இது குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் ஊர், தென் திருப்பதி என்று சொல்லி புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும் ஊர். இங்கிருந்து தெற்கே ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் வரை மலையடிவாரம் முழுக்கத் தென்னையும் மாவும். கீழே கடினப் பாறை. ஆற்று மணல் பூமிபோல இங்கே நிலத்தடி நீர் பரந்து கிடப்பதில்லை. மேலே இற்றுப்போன பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் இருக்கிறது. வெடிப்பில் தங்கும் தண்ணீரின் அளவு சிறிது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்தால் மட்டம் சரசரவென்று ஏறும். வெயில் காலத்தில் அதே வேகத்தில் இறங்கும். ஒரே போரில் மழைக்குப் பின் 50 அடியில் நிற்கும் தண்ணீர், கோடையில் மோட்டார் ஓடும்போது 300 அடிக்குப் போவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் ஆச்சரியம் தராது.

முதலில் கணக்கு

10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அழுத்தம் தரும். கடையில் இதைச் சுருக்கமாக "ஒரு கிலோ" என்பார்கள். அடியில் சொன்னால் சுமார் 33 அடி. சுவிட்சின் மூடிக்குள் பி.எஸ்.ஐ என்று எழுதியிருந்தால் 14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், கிலோ கிடைக்கும்.

ஒவ்வொரு பம்புக்கும் கம்பெனி ஓர் அட்டவணை தருகிறது. எத்தனை மீட்டர் ஹெட்டில் எத்தனை லிட்டர் தள்ளும் என்று அதில் இருக்கும். நமக்கு வேண்டியது அதன் கடைசி எண்: தண்ணீரே வெளியே போகாமல் வால்வை மூடியிருக்கும்போது பம்பு எத்தனை மீட்டர் ஹெட் எழுப்பும் என்பது. இதை ஷட்-ஆஃப் ஹெட் என்பார்கள். கணக்குக்காக 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மழைக்குப் பின் தண்ணீர் 50 அடியில், அதாவது 15 மீட்டரில் நிற்கிறது. 120-இல் 15 போக மேலே, போர் வாயில் வால்வை மூடினால் 105 மீட்டர், அதாவது பத்தரை கிலோ அழுத்தம் நிற்கும். கோடையில் தண்ணீர் 300 அடிக்கு, அதாவது சுமார் 90 மீட்டருக்கு இறங்கிவிட்டது. இப்போது மூடினால் மேலே மிச்சம் 30 மீட்டர், மூன்றே கிலோ. மோட்டார் அதுவேதான், குழாயும் அதுவேதான். மேலே கிடைக்கும் அழுத்தத்தில் மூன்றரை மடங்கு வித்தியாசம்.

இதைப் புரிந்துகொண்டால், ஊரில் எல்லோரும் தலையைச் சொறியும் இரண்டு விஷயங்கள் விளங்கும். முதலாவது, குழாய் ஏன் மழைக்காலத்தில் வெடிக்கிறது என்பது. தண்ணீர் இல்லாத கோடையில் மோட்டார் திணறுவதைப் பார்த்து, அப்போதுதான் எல்லாமே கஷ்டப்படுகிறது என்று நினைக்கிறோம். தோப்பில் போட்டிருப்பது ஆறு கிலோ பி.வி.சி குழாயாக இருந்தால், மார்கழியில் யாராவது கடைசி வால்வையும் மூடிவிட்ட நேரத்தில்தான் அது பிளக்கும். இரண்டாவது, பிரஷர் சுவிட்ச் ஏன் கோடையில் "வேலை செய்யவில்லை" என்பது. கடையில் வரும் சுவிட்சுகள் பெரும்பாலும் 20–40 அல்லது 30–50 பி.எஸ்.ஐ என்று அமைக்கப்பட்டு வருகின்றன. 50 பி.எஸ்.ஐ என்றால் மூன்றரை கிலோ. பம்பால் மூன்று கிலோவுக்கு மேல் எழுப்பவே முடியாதபோது அந்த சுவிட்ச் எப்படி ஆஃப் ஆகும்? மோட்டார் தண்ணீர் தள்ளாமலே ஓடிக்கொண்டிருக்கும். சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் குளிர்ச்சி அதைத் தழுவிப் போகும் தண்ணீரால்தான். தண்ணீர் நகரவில்லை என்றால் சூடு ஏறும், அடுத்த வாரம் வைண்டிங் கடை. அங்கே சுவிட்சைக் குறை சொல்வார்கள். சுவிட்ச் சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கொடுத்த எண்தான் தவறு.

உங்கள் போருக்கு இந்த எண்களைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. கயிற்றில் சிறு கனம் கட்டி, கேபிளில் சிக்காமல் இறக்கித் தண்ணீர் மட்டத்தை அளக்கலாம். மோட்டார் ஓடாத நேரத்தில் ஒரு தடவை, ஒரு மணி நேரம் ஓடிய பின் ஒரு தடவை. மார்கழியில் ஒன்று, வைகாசியில் ஒன்று என வருடத்துக்கு இரண்டு முறை அளந்து மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். பழைய மோட்டார், அட்டவணை தொலைந்துவிட்டது என்றால், போர் வாயிலேயே இரும்பு டீ ஒன்றில் 16 கிலோ வரை காட்டும் கேஜ் மாட்டி, பக்கத்தில் உள்ள கேட் வால்வை சில விநாடி மட்டும் மூடிப் பாருங்கள். கேஜ் காட்டும் கிலோவைப் பத்தால் பெருக்கி, அப்போதைய தண்ணீர் மட்டத்தை மீட்டரில் கூட்டினால் ஷட்-ஆஃப் ஹெட். போர் வாய்க்கும் வால்வுக்கும் இடையில் பிளாஸ்டிக் துண்டு எதுவும் இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

சுவிட்சைக் கோடை தீர்மானிக்கட்டும், டேங்கை மழை தீர்மானிக்கட்டும்

கட்-அவுட் என்பது சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும் அழுத்தம். கட்-இன் என்பது மறுபடி போடும் அழுத்தம். கட்-அவுட்டைக் கோடையின் மூடிய அழுத்தத்துக்கு அரைக் கிலோவாவது கீழே வைக்க வேண்டும். நம் உதாரணத்தில் மூன்று கிலோதான் கிடைக்கும் என்பதால் 2.3-இல் நிற்கும்படியும் 1.2-இல் எழும்படியும் வைப்பது பாதுகாப்பு. குறைவாகத் தெரிகிறதா? ஒற்றை மாடி வீட்டின் மேல்நிலைத் தொட்டி கீழ்க் குழாயில் தருவது அரைக் கிலோதான். சொட்டுநீர்க் குழாயின் கடைசியில் வேண்டியது ஒரு கிலோ. வடிகட்டியில் கொஞ்சம் போனாலும் சமமான தோப்புக்கு 2 கிலோவுக்குள் வேலை முடியும்.

அடுத்தது டேங்க். பிரஷர் டேங்க் என்பது உள்ளே ரப்பர் பையும் சுற்றிலும் அடைத்த காற்றும் உள்ள இரும்பு உருளை. 100 லிட்டர் டேங்க் என்றால் 100 லிட்டர் தண்ணீர் தரும் என்று நம்பி வாங்குகிறவர்கள் அதிகம். மேலே சொன்ன 1.2–2.3 அமைப்பில், காற்றை ஒரு கிலோவில் அடைத்தால், மோட்டார் நின்றதிலிருந்து மறுபடி எழும் வரை அது தருவது ஏறக்குறைய 30 லிட்டர். இது எந்தக் கம்பெனி டேங்குக்கும் பொருந்தும். காற்று சுருங்கும் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

மோட்டார் ஒரு தடவை எழுந்தால் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட வேண்டும். ஒவ்வொரு முறை எழும்போதும் அது இழுக்கும் கரண்ட் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு. அந்தச் சூடு ஆறுவதற்குள் நின்று நின்று எழுந்தால் வைண்டிங் தாங்காது. கோடையில் மணிக்கு 5,000 லிட்டர் தள்ளும் அதே மோட்டார், தண்ணீர் மேலே நிற்கும் மார்கழியில் 9,000 தள்ளும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 150 லிட்டர். அதை ஏறக்குறைய எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் நேரத்திலும் ஒரு நிமிடம் வாங்கிக்கொள்ள 500 லிட்டர் டேங்க் வேண்டும். கோடைக் கணக்கில் வாங்கினால் 300 போதும் என்று தோன்றும். மழைக்காலத்தில் மோட்டார் படபடவென்று எழுந்து விழும். அதனால்தான் டேங்கின் அளவுக்கும் குழாயின் தரத்துக்கும் மழைக்கால எண்ணையே எடுக்கச் சொல்கிறேன்.

சுவிட்சை எங்கே மாட்டுவது என்பதில் பிளம்பர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. போர் வாயில் மாட்டினால் ஒயர் மிச்சம் என்று அங்கேயே மாட்டிவிட்டு டேங்கை அறுபது அடி தள்ளி வைப்பார்கள். இடையில் உள்ள குழாயின் உராய்வால் சுவிட்சுக்கு ஒரு அழுத்தம், டேங்குக்கு ஒரு அழுத்தம். மோட்டார் எழுந்தவுடன் சுவிட்ச் கட்-அவுட்டைப் பார்த்துவிடும், நிறுத்தும், உடனே அழுத்தம் விழும், மறுபடி போடும். டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். சுவிட்சும் கேஜும் டேங்கின் வாயோடு ஒட்டி இருக்க வேண்டும். சோதனைக்கு மூடிய கேட் வால்வு உட்பட, பம்புக்கும் சுவிட்சுக்கும் இடையில் கை வால்வு எதுவும் இருக்கவே கூடாது. அதை யாராவது மறந்து மூடிவிட்டால் மோட்டாரை நிறுத்த ஆளே இல்லை. சுவிட்சை டீயின் மேல்பக்கமாக நிமிர்த்தி மாட்டுங்கள். கீழ்ப்பக்கம் மாட்டினால் பாறைத் துகள் அதன் ஊசித் துளையை அடைத்துவிடும், பிறகு அது எந்த அழுத்தத்தையும் பார்க்காது.

ஒயரிங்கிலும் ஒரு வார்த்தை. மூன்று ஃபேஸ் மோட்டாரின் கரண்டை சுவிட்ச் வழியாக ஓட்டாதீர்கள். ஸ்டார்ட்டரின் காயில் லைனில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டும். பச்சை, சிவப்பு பட்டன் வைத்த சாதாரண ஸ்டார்ட்டரில் இப்படிச் சேர்த்தால் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும், ஆனால் மறுபடி போடாது. பச்சைப் பட்டனை அமுக்க ஆள் வேண்டும். அதற்கு ஆட்டோ–மேனுவல் வசதி உள்ள ஸ்டார்ட்டர் கேளுங்கள். ஆட்டோவில் போட்டால் டைமரும் சேர்த்துப் போடுங்கள். மூன்று ஃபேஸ் வந்த அந்த நொடியில் லைனில் உள்ள எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் எழுந்தால் வோல்டேஜ் படுத்துவிடும். உங்கள் மோட்டார் இரண்டு நிமிடம் கழித்து எழட்டும், கெட்டுப்போவதற்கு ஒன்றுமில்லை.

காவலுக்கு என்ன வைப்பது

கோடையில் வெடிப்பு வற்றினால் பம்பு காற்றை இழுக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்பின் கரண்ட் குறையும். அதைப் பார்த்து நிறுத்தும் டிரை-ரன் காப்பு இன்றைய நல்ல பேனல்களில் உள்ளேயே வருகிறது. ஒரு ஃபேஸ் போனால் நிறுத்தும் பிரிவென்டரும் அதோடு வரும். இவை இரண்டும் இல்லாத பேனலை, என்ன விலை குறைத்தாலும், ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்க வேண்டாம் என்பேன். பிரஷர் சுவிட்சுக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் இதற்குக் கொடுங்கள்.

பிரஷர் ரிலீஃப் வால்வு என்பது சுவிட்ச் ஒட்டிக்கொண்டு நிற்காமல் போகும் நாளுக்கான கருவி. ஆறு கிலோ குழாய் என்றால் ஐந்து கிலோவில் திறக்கும்படி வைத்து, அதன் வாயைத் தென்னம் பாத்திக்கோ கிணற்றுக்கோ திருப்பிவிடுங்கள். அதன் வாய் பம்பின் முழுத் தண்ணீரையும் வெளியேற்றும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அரை இன்ச் வால்வை அலங்காரத்துக்கு மாட்டிப் பயனில்லை. பி.வி.சி குழாய்க்கான இந்தியத் தரம் ஐ.எஸ் 4985. அதன்படி 2.5, 4, 6, 8, 10 கிலோ என்று குழாயின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் இல்லாத குழாயை அழுத்த லைனில் போட வேண்டாம்.

நான்-ரிட்டர்ன் வால்வு பம்பின் தலையில் ஒன்று இருக்கும். முந்நூறு, நானூறு அடி இறக்கினால் அது ஒன்று போதாது. ஏறக்குறைய 200 அடிக்கு ஒன்று என்று காலம் பைப்பின் நடுவிலும் வைக்க வேண்டும். கரண்ட் போகும்போது மேலிருக்கும் தண்ணீர்த் தூண் திரும்பி விழுந்து மோதும் அடி, டமால் என்று மோட்டார் அறை வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வால்வு போய்விட்டது அல்லது போதவில்லை என்று பொருள்.

டிரைவ் வாங்கலாமா?

இப்போது கடைகளில் அதிகம் பேசப்படுவது வி.எஃப்.டி எனப்படும் வேகம் மாற்றும் டிரைவ். அழுத்தம் குறைந்தால் மோட்டாரை வேகமாகவும், போதும் என்றால் மெதுவாகவும் ஓட்டி அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். மாடி வீடு, மில் குடியிருப்பு, நர்சரி போன்ற இடங்களில் அருமையான கருவி. ஆழ்துளைக்கு வரும்போது விற்பனைப் பேச்சை ஒரு கணக்கால் சோதிக்க வேண்டும்.

பம்பு எழுப்பும் ஹெட், வேகத்தின் வர்க்கப்படி குறையும். 50 ஹெர்ட்ஸில் 120 மீட்டர் என்றால் 40 ஹெர்ட்ஸில் 77 மீட்டர்தான். நம் உதாரணத்தில் கோடையில் 90 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்கி, மேலே இரண்டரை கிலோவும் தர வேண்டும் என்றால் 115 மீட்டர் வேண்டும். 49 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் மேலே வரவே வராது. டிரைவ் விளையாட ஒரே ஒரு ஹெர்ட்ஸ்தான் இடம். அதாவது கோடையில் அது வெறும் ஸ்டார்ட்டர். மழைக்காலத்திலோ 15 மீட்டரும் 25 மீட்டரும் சேர்த்து 40 மீட்டர் போதும். அப்போது 30 ஹெர்ட்ஸ் அளவிலேயே தண்ணீர் வர ஆரம்பிக்கும், மின்சாரமும் வைண்டிங்கும் மிச்சம். சப்மெர்சிபிளை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டக் கூடாது என்பதையும் டிரைவில் பதிந்து வைக்க வேண்டும், கீழ் பேரிங் தாங்காது. கேபிள் நீளமாக இருப்பதால் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சோக் அல்லது ஃபில்டர் அவசியம். இல்லாவிட்டால் டிரைவ் அனுப்பும் வோல்டேஜ் கூர்முனைகள் நீளக் கேபிளில் மேலும் உயர்ந்து வைண்டிங்கின் காப்பைத் துளைக்கும்.

மட்டம் வருடம் முழுக்க அதிகம் மாறாத போராக இருந்தால் டிரைவ் வாங்குங்கள். இந்த அடிவாரத்தில் அப்படிப்பட்ட போர் வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர். சூரிய சக்தி பம்பு உள்ளவர்களுக்கு இன்னொரு டிரைவ் வேண்டியதில்லை. அதன் கன்ட்ரோலரே வேகம் மாற்றும் வேலையைத்தான் செய்கிறது.

வீட்டு பூஸ்டர் பம்புகளில் வரும் சின்ன எலக்ட்ரானிக் கன்ட்ரோலரைப் போர் மோட்டாரில் மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் ஒன்றரை கிலோவில் மோட்டாரைப் போடும்படி நிலையாக அமைத்தது, தாங்குவது பத்து கிலோ. நம் மார்கழிக் கணக்கு பத்தரை கிலோ என்பதை நினைவில் வையுங்கள்.

நான் பரிந்துரைப்பது

இத்தனையும் சொன்ன பிறகு என் அபிப்பிராயம்: இந்தப் பக்கத்தில் பெரும்பாலான தோப்புகளுக்கும், அடிவாரத்தில் மண்டபமோ சாப்பாட்டுக் கடையோ நடத்துகிறவர்களுக்கும், போர் மோட்டாரை நேரடியாக அழுத்த லைனில் இணைக்கவே வேண்டாம். போர் ஒரு தரைத்தொட்டியை நிரப்பட்டும். அதற்கு மிதவை சுவிட்சும் டிரை-ரன் காப்பும் போதும். தொட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே ஒரு மோனோபிளாக், அதற்கு பிரஷர் சுவிட்சும் டேங்கும், வசதி இருந்தால் டிரைவும். தொட்டியில் தண்ணீர் மட்டம் ஆறடிக்குள்தான் மாறும் என்பதால் மார்கழிக்கும் வைகாசிக்கும் ஒரே எண் போதும். கோடையில் போர் அரை மணி ஓடி ஒரு மணி நேரம் ஊற வேண்டியிருந்தாலும் சொட்டுநீர் நிற்காது. மூன்று ஃபேஸ் எந்த நேரத்தில் வந்தாலும் தொட்டி நிரம்பிக்கொள்ளும். இரண்டாவது மோட்டாருக்கான செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 400 அடியிலிருந்து ஒரு முறை மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலியும் வைண்டிங்கும் சேர்ந்தால் அந்தச் செலவு எவ்வளவு என்று கிரேன்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சொட்டுநீருக்கு விண்ணப்பிக்கும்போது, தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு என்பதால், தரைத்தொட்டிக்கும் ஏதாவது உதவி உண்டா என்று தோட்டக்கலை அலுவலகத்தில் அதே நேரத்தில் விசாரித்துவிடுங்கள்.

கம்ப்ரசர் வைத்துக் காற்றால் தண்ணீர் தள்ளுகிறவர்களுக்கு வேறு வழியே இல்லை. அந்தத் தண்ணீர் காற்றும் நீருமாகத் துப்பித் துப்பி வரும். அதை எந்த பிரஷர் டேங்கும் வாங்காது. தொட்டிக்குத்தான் போக வேண்டும். அவர்கள் கவனிக்க வேண்டியது கம்ப்ரசரின் சொந்த சுவிட்சும் சேஃப்டி வால்வும். காற்றுக் குழாய் தண்ணீருக்குள் 200 அடி மூழ்கியிருந்தால் முதலில் எழவே ஆறு கிலோ வேண்டும். மழைக்குப் பின் மட்டம் ஏறி 300 அடி மூழ்கினால் ஒன்பது கிலோவுக்கு மேல். "கோடையில் நன்றாக ஓடிய கம்ப்ரசர் மழை பெய்ததும் தண்ணீர் எடுக்கவில்லை" என்பதன் காரணம் இதுதான். சேஃப்டி வால்வை இறுக்கி ஆபத்தை விலைக்கு வாங்காமல், காற்றுக் குழாயை இரண்டு துண்டு மேலே தூக்குங்கள்.

டேங்க் வைத்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டியது இது. மெயினை அணைத்து, டேங்கில் உள்ள தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு, தலையில் உள்ள டியூப் வால்வில் டயர் கேஜை வைத்துப் பாருங்கள். கட்-இன்னை விடக் கொஞ்சம், சுமார் 0.15 முதல் 0.2 கிலோ, குறைவாகக் காட்ட வேண்டும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பால் அடித்துச் சரிசெய்யலாம். ஊசியை அமுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் தெறித்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்திருக்கிறது. அடியில் போல்ட் போட்ட ஃபிளாஞ்ச் உள்ள டேங்க் என்றால் பையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போதே அந்த ஃபிளாஞ்ச் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.